கட்டிங் மிஷினின் மூடியைக் கழற்றாதீர்கள்!

'என் வீட்டுக்காரர் போன வருஷம் ஒரு கட்டிங் மிஷின் வாங்கினார். மாட்டுக் கொட்டகைக்குப் பைப் அறுக்க வாங்கியது. இப்போது அதில் பல் வைத்த பிளேடு மாட்டி, காய்ந்த தென்னை மட்டை, வேலியில் இருக்கும் கருவேலங்கிளை எல்லாவற்றையும் அறுக்கிறார். மேலே இருந்த இரும்பு மூடியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். கேட்டால், மூடி இருந்தால் பிளேடு முழுசாக இறங்காது என்கிறார். எனக்குப் பார்க்கவே பயமாக இருக்கிறது. நான் பயப்படுவது சரிதானா?'

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி அனுப்பிய கடிதம் இது. இலைப்பேன், வேரழுகல், யூரியா எப்போது போடலாம் என்று வரும் கேள்விகளுக்கு நடுவில் இது வந்தது. அம்மா, உங்கள் பயம் சரிதான். உடனே அந்த பிளேடைக் கழற்றச் சொல்லுங்கள். மூடியைப் பரணிலிருந்து எடுத்து மாட்டச் சொல்லுங்கள். உங்களுக்கான பதில் இவ்வளவுதான். ஆனால், இதே கேள்வியைக் கேட்க வேண்டிய வீடுகள் இன்னும் நிறைய இருப்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த மிஷினை வெல்டிங் பட்டறையில்தான் பார்க்க முடியும். கொழு முனை தேய்ந்தால், டிரெய்லர் கொக்கி உடைந்தால் பட்டறைக்குப் போவோம். இன்றைக்கு இரண்டாயிரம் ரூபாய் சொச்சத்துக்கு டவுன் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கிறது. பந்தல் கம்பி, வேலி ஆங்கிள், சொட்டுநீர் டேங்க் ஸ்டாண்டு என்று தோட்டத்தில் வேலையும் இருக்கிறது. வாங்குவதில் தவறே இல்லை. கூலி மிச்சம், நேரம் மிச்சம். ஆனால், பட்டறைக்காரர் பத்து வருஷம் குருவிடம் நின்று கற்றுக்கொண்டது எதுவும் அந்த அட்டைப் பெட்டிக்குள் வருவதில்லை. உள்ளே இருக்கும் சின்னப் புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ, இந்தியிலோ இருக்கிறது. அது பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகிறது.

இரண்டு கிலோகூட இல்லை, ஆனால்...

பலரையும் ஏமாற்றுவது இதன் எடைதான். 4 இஞ்ச் மிஷின் இரண்டு கிலோவுக்குள்தான் இருக்கும். ஒரு கையால் தூக்கலாம் என்று தோன்றும். ஆனால், அதன் டிஸ்க் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 180 சுற்றுக்கு மேல். டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நம் ஊர் வழியாகப் போகும் எந்த ரயிலும் அந்த வேகத்தில் போவதில்லை.

அந்த டிஸ்க்கும் இரும்பு கிடையாது. உரசும் தூளைப் பிசினில் குழைத்து, நார் வலையை நடுவில் வைத்து அழுத்திச் செய்த தட்டு. அறுக்கும் டிஸ்க்கின் தடிமன் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். கீழே விழுந்து விரிசல் விட்டிருந்தாலோ, வேலை நடுவில் கோணிக்கொண்டாலோ உடையும். உடைந்த துண்டு அதே 200 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் மட்டும் போக முடியாது. அது மூடி இருக்கும் பக்கம். அந்த மூடியைத்தான் கடைக்காரர் 'கார்டு' என்கிறார். அதை உங்கள் முகத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் வரும்படி திருப்பி வைத்து இறுக்க வேண்டும். அது அங்கே இருப்பதற்கு வேறு காரணமே இல்லை.

மூடி இருந்தால் பிளேடு முழுசாக இறங்காது என்பது உண்மைதான். 4 இஞ்ச் மிஷினில் இரண்டரை, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகாது. அதற்கு மேல் தடிமனான பொருள் என்றால், பைப்பைத் திருப்பித் திருப்பிச் சுற்றிலும் அறுக்க வேண்டும். அதுவும் முடியாது என்றால், அது இந்த மிஷினுக்கான வேலையே இல்லை. பட்டறைக்கு எடுத்துப் போங்கள்.

பல் வைத்த பிளேடு

கட்டுரையில் நான் அதிகம் சொல்ல வேண்டியது இதைப் பற்றித்தான்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு விவசாயி. நாற்பது வயதுக்குள் இருப்பார். குத்தகை நிலத்தில் மஞ்சள் போட்டிருந்தார். மழைக்கு முறிந்து விழுந்த வேப்பங்கிளை வரப்பில் கிடந்தது. மூடி இல்லாத மிஷினில் மரம் அறுக்கும் பிளேடை மாட்டி, கிளையின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு அறுத்திருக்கிறார். 'கட்டைக்குள்ள பிடிச்ச மாதிரி இருந்துச்சு சார். அடுத்த நிமிஷம் மிஷின் என் தொடையில இருந்துச்சு. சுவிட்ச் லாக் ஆகியிருந்ததால ஓடிக்கிட்டே இருந்துச்சு' என்றார். பக்கத்துத் தோட்டத்தில் ஆள் இருந்ததால் பிழைத்தார். வேட்டியைக் கிழித்து அழுத்திக் கட்டி, மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். ஐந்து மாதம் அவரால் வயலில் இறங்க முடியவில்லை. மஞ்சள் அறுவடையை மனைவியும் மாமனாரும் ஆள் வைத்து முடித்தார்கள். அடுத்த வருஷம் அந்தக் குத்தகையை விட்டுவிட்டார்கள்.

பிடித்தது என்றாரே, அதைப் புரிந்துகொள்ளுங்கள். பல் இல்லாத டிஸ்க் இரும்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் அறுக்கிறது. பல் வைத்த பிளேடு கடித்து இழுக்கிறது. பச்சை மரத்தில் ஈரமும் நாரும் இருக்கும். அறுக்க அறுக்க வெட்டுவாய் இறுகி பிளேடைப் பிடித்துக்கொள்ளும். பிளேடு நின்றாலும் மோட்டாரின் விசை நிற்பதில்லை. அந்த விசை முழுவதும் மிஷினையே தூக்கிப் பின்னால் எறிகிறது. கண் இமைக்கும் நேரத்தில் இது நடந்துவிடும். 'நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்' என்று சொல்பவருக்குப் பிடிக்க நேரமே கிடைக்காது.

மரம் அறுப்பதற்கென்றே செய்த மின் ரம்பத்தைக் கவனித்துப் பாருங்கள். பிளேடின் அடிப்பக்கத்தைத் தானாக மூடிக்கொள்ளும் காப்பு இருக்கும். மரத்தின் மேல் படிந்து நகரும் தட்டு இருக்கும். கையை எடுத்தால் நின்றுவிடும் சுவிட்ச் இருக்கும். சாதாரணக் கட்டிங் மிஷின்கள் பலவற்றில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவேதான் பல் வைத்த பிளேடையும், செயின் சுற்றிய பிளேடையும் மாட்டக்கூடாது என்று மிஷினோடு வரும் புத்தகத்திலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள். 'கடையில் இதற்கென்றே விற்கிறார்களே' என்பீர்கள். விற்கிறார்கள். சில கடைகளில் மிஷினோடு இலவசமாகவே தருகிறார்கள். வியாபாரம்! துளை பொருந்துகிறது என்பதற்காக ஒரு பிளேடு அந்த மிஷினுக்கு உரியது ஆகிவிடாது.

கிளை அறுக்கக் கவாத்து ரம்பம் இருக்கிறது. சில நூறு ரூபாய்தான். மணிக்கட்டு தடிமனுள்ள கிளை சில நிமிடத்தில் அறுந்துவிடும். பெரிய மரம் என்றால் செயின் ரம்பம் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

கம்பி அறுக்கும்போதும் உதைக்கும்

இரும்பு அறுக்கும்போது ஆபத்து குறைவு. ஆனால், இல்லாமல் போய்விடவில்லை. நம் ஆட்கள் கம்பியை எப்படி அறுக்கிறார்கள்? இரண்டு செங்கல்லின் மேல் கம்பியை வைத்து, நடுவில் அறுப்பார்கள். பாதி அறுத்ததும் கம்பி நடுவில் தொய்கிறது. வெட்டுவாயின் மேல்பக்கம் மூடிக்கொண்டு டிஸ்க்கைக் கவ்வுகிறது. உடனே மிஷின் உதைக்கிறது, அல்லது டிஸ்க் உடைகிறது.

வெட்டும் இடம் தாங்கலுக்கு வெளியே இருக்க வேண்டும். அறுபடும் துண்டு கீழ்நோக்கித் தொங்கினால் வெட்டுவாய் தானாக விரிந்து கொடுக்கும். நீளமான பைப் என்றால், தாங்கலுக்கு உள்ளே இருக்கும் பகுதியை வைஸிலோ கிளாம்ப்பிலோ இறுக்குங்கள். காலால் மிதித்துக்கொண்டு அறுப்பதும், மகனைப் பிடிக்கச் சொல்லி அறுப்பதும் கூடாது. டிஸ்க் சுற்றும் நேர்கோட்டில் நிற்காமல் ஓரடி ஒதுங்கி நில்லுங்கள். துண்டு பறந்தாலும், மிஷின் உதைத்தாலும் அந்தக் கோட்டில்தான் வரும்.

பக்கவாட்டுக் கைப்பிடி மாட்டியிருக்க வேண்டும். இரண்டு கையும் மிஷினில் இருந்தால், டிஸ்க்கில் படுவதற்குக் கை மிச்சமில்லை. இது எளிய கணக்கு. அழுத்தவும் வேண்டாம். மிஷினின் எடையே போதும். அழுத்தி அழுத்தி அறுத்தால் டிஸ்க் சூடாகும், கோணும். வேலையும் சீக்கிரம் முடியாது.

அறுத்து முடித்ததும் சுவிட்சை அணைத்தாலும் டிஸ்க் சில நொடிகள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். சுற்றும்போதே தரையில் வைத்தால், மிஷின் நண்டு மாதிரி ஓடி வந்து வேட்டி நுனியைப் பிடிக்கும். முழுசாக நின்ற பிறகு வையுங்கள்.

டிஸ்க் வாங்கும்போது

டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் படிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. பூச்சிமருந்து டப்பாவில் காலாவதித் தேதி பாருங்கள் என்று நான் முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். டிஸ்க்குக்கும் அது உண்டு. அதை ஒட்டும் பிசின் நாளாக ஆகப் பலம் இழக்கும். ஈரம் பட்டால் இன்னும் சீக்கிரம் கெடும். செய்த நாளிலிருந்து மூன்று வருஷம்தான் இதன் ஆயுள். நல்ல டிஸ்க்குகளில், நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருப்பார்கள். மோட்டார் ரூம் மூலையில், ஒழுகும் கூரைக்குக் கீழே கிடந்த டிஸ்க்கை மாட்டவே மாட்டாதீர்கள். காய்ந்த இடத்தில், தட்டையாகப் படுக்கவைத்துப் பத்திரப்படுத்துங்கள். கீழே விழுந்த டிஸ்க்கை உடைத்துப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். இதில் நஷ்டம் முப்பது, நாற்பது ரூபாய்தான்.

அறுக்கும் டிஸ்க் வேறு, தேய்க்கும் டிஸ்க் வேறு. மெல்லியது அறுக்க மட்டும்தான். அதன் பக்கவாட்டில் வைத்துப் பிசிறு தேய்த்தால் அது தாங்காது, சிதறும். தேய்ப்பதற்கு ஆறு மில்லிமீட்டர் தடிமனில் தனி டிஸ்க் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் டிஸ்க்கை மாற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. புது டிஸ்க் மாட்டியதும் வேலையைத் தொடங்காமல், ஆள் இல்லாத பக்கம் திருப்பிப் பிடித்து ஒரு நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள். உடைய வேண்டியது அப்போதே உடைந்துவிடும்.

வேட்டி, துண்டு, கண்

வேட்டியோ, லுங்கியோ கட்டிக்கொண்டு இந்த மிஷினைத் தொடாதீர்கள். தோளில் துண்டும் கூடாது. பேன்ட், உடம்போடு ஒட்டிய சட்டை, காலை மூடும் ஷூ வேண்டும். பெண்கள் அறுப்பதாக இருந்தால் சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் கழற்றி வைத்துவிட்டு, மேலே சட்டை போட்டு, கூந்தலை முடிந்துகொள்ளுங்கள்.

கண்ணுக்குக் கூலிங் கிளாஸ் போதாது. பக்கவாட்டிலும் மூடியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். அதற்கு மேல் முகத்தை மூடும் கவசமும் போட்டால் நல்லது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர் கண்ணுக்கும் இதே ஆபத்துதான். குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு மிஷினை எடுங்கள். காதுக்குப் பஞ்சு போதாது. சத்தம் 90 டெசிபலுக்கு மேல் போகும். காது அடைப்பான் மலிவுதான், அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

கண்ணில் தூள் விழுந்தால் நம் ஊரில் செய்யும் வைத்தியம்தான் எனக்கு மிஷினைவிட அதிகப் பயம் தருகிறது. தீக்குச்சி முனையில் பஞ்சு சுற்றி எடுப்பார்கள். நாக்கால் தடவி எடுப்பதற்கென்றே ஊருக்கு ஒருவர் இருப்பார். தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள். இரும்புத் துகள் சூடாக வந்து கருவிழியில் பதியும். சில மணி நேரத்திலேயே அதைச் சுற்றித் துரு வளையம் உண்டாகத் தொடங்கும். துகளை எடுத்துவிட்டாலும் துரு அங்கேயே இருக்கும். மேல் தோல் கீறிய கருவிழியில் கிருமி சேர்ந்தால் புண்ணாகும். மதுரை மாவட்டத்தில் ஆய்வு செய்து 1996-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருக்கிறது. வயல் வேலையில் நெல் தாள், கரும்புத் தோகை கீறி வருவதும் அதில் சேரும். சின்னக் கீறலைக் கவனிக்காமல் விட்டுப் பார்வை போனவர்களை எங்கள் வட்டாரத்திலேயே பார்த்திருக்கிறேன்.

ஆகவே, தேய்க்காதீர்கள். சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உறுத்தல் போகவில்லை என்றால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள். மருந்துக் கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் இன்னும் மோசமாகும். துகள் கண்ணுக்குள்ளே குத்தி இறங்கியது போலத் தோன்றினால் கழுவவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். ஒரு காகித டம்ளரைக் கண்ணின் மேல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேரலை அறுக்காதீர்கள்

ஜீவாமிர்தம் கரைக்கவும், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவும் 200 லிட்டர் பேரலை வாங்கி, மேல்மூடியை அறுத்துப் பயன்படுத்துவது நம் வழக்கம். அது டீசலோ, ஆயிலோ, தின்னரோ இருந்த இரும்பு பேரலாக இருந்தால் கட்டிங் மிஷினைப் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள். காலியாகத்தான் இருக்கிறது என்பீர்கள். ஆபத்தே காலியாக இருப்பதில்தான். அடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் எண்ணெய் சூட்டில் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து நிற்கும். முதல் தீப்பொறியில் பேரல் வெடிக்கும். மேல்மூடி அறுப்பவர் முகத்தில்தான் வந்து அடிக்கும். பழைய டிராக்டர் டேங்கும், பைக் டேங்கும் இப்படித்தான். தண்ணீர் விட்டு அலசிவிட்டேன் என்பதெல்லாம் செல்லாது.

பூச்சிமருந்து டப்பாக்களும் இதில் அடக்கம். பெயருக்குப் பின்னால் 'இ.சி.' என்று இருக்கும் மருந்துகளில், மருந்தைக் கரைத்து வைத்திருப்பது எளிதில் தீப்பிடிக்கும் எண்ணெய்க் கரைப்பான்தான். விஷப்புகை ஒரு பக்கம், தீ மறுபக்கம். மருந்து இருந்த டப்பாவை மறுபடியும் எதற்கும் பயன்படுத்தக்கூடாது என்று 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. பிளாஸ்டிக் தொட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

தீப்பொறி பல அடி தூரம் பறக்கும். வைக்கோல் போர், கரும்புச் சோகை, தேங்காய் நார், சாக்கு, ஸ்டோர் ரூமில் வைத்திருக்கும் கந்தகத் தூள், எல்லாவற்றிலிருந்தும் விலகி, வெறும் மண் தரையில் வைத்து அறுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும், நனைத்த சாக்கும் இருக்கட்டும். வைக்கோலில் விழுந்த பொறி உடனே எரியாது, உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். வேலை முடித்துச் சாப்பிடப் போனவர்கள் அரைமணி, ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

கரண்ட்

பம்ப்செட் ஸ்டார்ட்டரிலிருந்து ஒரு பேஸ் எடுத்து, மண்ணில் அடித்த கம்பியை நியூட்ரலாக வைத்து மிஷின் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட இருப்பவரையும் கொல்லும் வேலை இது. மிஷின் ஓடும்போது அந்தக் கம்பியிலும், சுற்றியுள்ள ஈர மண்ணிலும் மின்சாரம் பாயும். அந்த வழியே நடந்து வரும் மாட்டுக்கும் அது தெரியாது. முறையாக வயரிங் செய்த பிளக்கிலிருந்து மட்டும் எடுங்கள். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருந்தால், கசிவு வந்த நொடியே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மிஷினின் மேல் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட அடையாளம் இருந்தால், அது இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் வயர் இருக்காது. அதற்காக ஈரக் கையோடு, ஈர வாய்க்காலில் நின்று ஓட்டலாம் என்று அர்த்தமில்லை.

வேலை நடுவில் கரண்ட் போனால் மிஷினை அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம். லாக் ஆகும் சுவிட்ச் என்றால், கரண்ட் வந்ததும் மிஷின் தானாக ஓடத் தொடங்கும். கரண்ட் போனதும் முதல் வேலையாகச் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். புதிதாக வாங்குகிறவர்கள், கையை எடுத்தால் நின்றுவிடும் சுவிட்ச் உள்ள மிஷினாகக் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடும்.

அரிவாளுக்குச் சாணை

மண்வெட்டி, அரிவாளை இதில் தீட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். வேகமாகத் தீட்டலாம்தான். ஆனால், வாய் ஓரம் நீலம் பூத்தால், அந்த இடம் சுமார் 300 டிகிரிக்குச் சூடேறிவிட்டது என்று அர்த்தம். கொல்லர் ஏற்றிக் கொடுத்த பதம் அங்கே போய்விட்டது. பிறகு எத்தனை முறை தீட்டினாலும் இரண்டு நாளில் மழுங்கும். தீட்டியே ஆக வேண்டும் என்றால், அரிவாளை வைஸில் கவ்வ வைத்து, தேய்க்கும் டிஸ்க்கால் லேசாகத் தொட்டுத் தொட்டு எடுங்கள். நடுநடுவே தண்ணீர் ஊற்றிக் குளிர வையுங்கள். என்னைக் கேட்டால், அரிவாளுக்கு அரமும் சாணைக்கல்லும் போதும். மண்வெட்டிக்கு வேண்டுமானால் மிஷின்.

கல் தூண், சிமென்ட் கல் அறுக்கும்போது வரும் வெள்ளைத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். துண்டால் மூக்கைக் கட்டினால் அது நிற்காது. ஆஸ்பெஸ்டாஸ் சீட்டை இந்த மிஷினால் அறுக்கவே கூடாது. அதன் நார் நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகத் திரும்பி வரும். கொட்டகைக் கூரைக்குத் தகரமோ, ஓடோ போடுங்கள்.

அடிபட்டால்

ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து, கையால் பலமாக அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திக்கொண்டே இருங்கள். துணி நனைந்தால் மேலே இன்னொன்று வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுங்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸிலோ, தண்ணீரிலோ படக்கூடாது. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் ஒட்ட வைக்க வாய்ப்பு உண்டு. எந்த ஆஸ்பத்திரியில் அந்த வசதி இருக்கிறது என்று போகும் வழியிலேயே போனில் விசாரியுங்கள். சின்னக் காயம் என்றாலும் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராக இருப்பவர்களுக்கு, விபத்தில் உயிரிழப்போ, ஊனமோ ஏற்பட்டால் உதவித்தொகை உண்டு. உங்கள் வீட்டு அட்டை எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். விவரம் வேண்டுமென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

வாசகர் கேள்விகள்

கையுறை போட்டுக்கொண்டு ஓட்டலாமா? மாட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

தொளதொளவென்று இருக்கும் பின்னல் துணிக் கையுறை மாட்டிக்கொள்ளும், அது வேண்டாம். கையோடு ஒட்டிய தோல் கையுறை போடலாம்.

7 இஞ்ச் மிஷினில் தேய்ந்துபோன டிஸ்க் ஒன்று இருக்கிறது. அளவு சின்னதாகிவிட்டதால் 4 இஞ்ச் மிஷினில் மாட்டலாமா?

கூடாது. 7 இஞ்ச் டிஸ்க்கின் மேல் 8,500-ஐ ஒட்டிய சுற்று அளவுதான் அச்சிட்டிருக்கும். 4 இஞ்ச் மிஷின் 11,000 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்துக்குச் சோதிக்கப்படாத டிஸ்க் அது. துளையும் பொருந்தாது. பெரியதன் துளை 22 மில்லிமீட்டர், சின்னதன் துளை 16. வாஷர் வைத்து மாட்டினால் நடு விலகி ஆடும். டிஸ்க்கில் எழுதியிருக்கும் சுற்று, மிஷினில் எழுதியிருக்கும் சுற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். டிஸ்க் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதை மட்டும் பார்த்துவிடுங்கள்.

ஓடும்போது மிஷினின் காற்றுத் துளை வழியாக உள்ளே பொறி தெரிகிறது. ஆபத்தா?

கார்பன் பிரஷ் இருக்கும் இடத்தில் சின்னதாக நீலப்பொறி தெரிவது இயல்பு. வட்டமாக நெருப்பு வளையம் போலத் தெரிந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ உடனே நிறுத்துங்கள். பிரஷ் தேய்ந்திருக்கும். ஜோடியாக மாற்ற வேண்டும், செலவு அதிகமில்லை. அதன் பிறகும் பொறி நிற்கவில்லை என்றால் ஆர்மேச்சர் கெட்டிருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எங்கள் மிஷினின் மூடி தொலைந்துவிட்டது. மூடி மட்டும் தனியாகக் கிடைக்குமா?

கிடைக்கும். மிஷின் ரிப்பேர் செய்யும் கடைகளிலும், உதிரிபாகக் கடைகளிலும் விற்கிறார்கள். போகும்போது மிஷினையும் எடுத்துப் போங்கள். கழுத்து அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடையிலேயே மாட்டிப் பார்த்து, இறுக்கினால் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தகரத்தை வளைத்து நீங்களே செய்து மாட்டாதீர்கள். துண்டு வந்து மோதினால் அந்தத் தகரமும் சேர்ந்து பறக்கும். மூடி வரும்வரை அறுக்க வேண்டியதை ஆக்ஸா பிளேடால் அறுத்துக்கொள்ளுங்கள்.